வாத்துக்கு ஏற்ற மஞ்சள்

மரத்துக்கு வண்ணம் அடிப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மஞ்சள்தான் ரொம்பப் படுத்தும். சிவப்பும் நீலமும் ஒரே பூச்சில் உட்கார்ந்துவிடும். மஞ்சளுக்கு மூன்று பூச்சு கொடுத்தாலும் அடியில் இருக்கும் மரத்தின் கறுப்பு ரேகை எட்டிப் பார்க்கும். நீங்கள் வண்ணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.

மரச் சிற்பப் பட்டறையில் பதினெட்டு வருஷமாகப் பூச்சு வேலை செய்கிறேன். செதுக்குவது மற்றவர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, எண்ணெய் கொடுப்பது, எதற்கு எந்த வண்ணம் என்று பார்த்து முடிப்பது எல்லாம் நான். வண்ணங்களை இரண்டு தட்டுகளில் பிரித்து வைத்திருப்போம். மேலே இருப்பது சுவர்த் தட்டு. மாட்டி வைக்கும் சிற்பங்களுக்கானது. கீழே இருப்பது வாய்த் தட்டு. அதில் தேன்மெழுகும், குழந்தைப் பொம்மைகளுக்கான தண்ணீர் வண்ணங்களும் மட்டுமே இருக்கும். புதிதாக வருகிறவர்களிடம் மேஸ்திரி சொல்வார்: "கொழந்தைங்க கண்ணால பாக்காதுங்கம்மா, வாயாலதான் பாக்கும். மேல் தட்டுல இருந்து ஒரு சொட்டு கீழ வந்துச்சு, அப்புறம் என்னை மனுஷனா பாக்க மாட்டீங்க." எல்லோரும் சிரிப்போம். ஆனால் யாரும் மீறியதில்லை.

சுவர்த் தட்டின் மூலையில் ஒரு பழைய மஞ்சள் டப்பா உண்டு. ஈயம் கலந்தது. இப்போது அதைக் கடைகளில் விற்பதில்லை. ஒரே பூச்சில் காலை வெயில் போல உட்காரும். காய்ந்த பிறகு லேசாகத் தித்திக்குமாம்.

என் தம்பிக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நான்தான் வளர்த்தேன். அவனை விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்று என் கல்யாணப் பேச்சை யாரையும் எடுக்க விடவில்லை. அவன் அப்படிக் கேட்டதில்லை. நானாகச் செய்தது. பிறகு அவனுக்கு மனைவி வந்தாள், பட்டாணி பிறந்தாள். கூப்பிடுகிற பெயர்தான், உருண்டையாக இருப்பாள். மூன்று அறைகளில் நான்கு பேர், எப்போதும் சத்தம்.

ஒரு நாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே தம்பி சொன்னான்: "அக்கா, எனக்கு வேலையை மாத்திட்டாங்க. அடுத்த மாசம் கிளம்பணும்." எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ரயிலில் இரண்டு நாள் என்றான்.

அவன் மனைவி உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்களும் வந்துடுங்க. ஜன்னல் பக்கம் அறை உங்களுக்குத்தான். உங்க தம்பி குறட்டைக்கு ரெண்டு சுவர் தள்ளி." நல்ல பெண். மனதார அழைத்தாள். ஆனால் தம்பி நிமிரவில்லை, ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பட்டறையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து பயம். அவர்கள் கடைக்குப் போயிருந்தபோது கதவைச் சாத்திவிட்டு நடுக்கூடத்தில் நின்று பார்த்தேன். என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது வேறு யாரோ என் பின்னால் நின்று விடுகிற மூச்சு போல இருந்தது. திரும்பிப் பார்க்கவும் துணியவில்லை. அவர்கள் வரும்வரை அப்படியே நின்றேன். இனி ஆயுள் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

போகும்போது பட்டாணிக்குக் கொடுக்கலாம் என்றுதான் பட்டறையில் ஒரு மர வாத்தைச் செய்யச் சொன்னேன். உள்ளங்கை அளவு. வாய்த் தட்டு மஞ்சளைப் பூசினேன். வாத்து சேற்றில் விழுந்தது போல இருந்தது. குழந்தைக்கு அப்படி ஒன்றைக் கொடுக்க மனம் வரவில்லை. பழைய டப்பாவை எடுத்தேன். ஒரு வாரம் காயவைத்து, மேலே இரண்டு முறை வார்னிஷ் அடித்தேன். முதல் முறை நடந்தது ஆசையில் செய்த தவறு. கடவுளுக்கு அது தெரியும்.

அவர்கள் கிளம்பும்வரை பொறுக்க முடியாமல் முன்பே கொடுத்துவிட்டேன். பட்டாணி வாத்தைக் கீழே வைக்கவே இல்லை. மூன்று வாரத்தில் அலகு வெறும் மரமாகிவிட்டது. வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். சோறு இறங்கவில்லை, முகம் வெளுத்தது. ரத்தம் குறைவு என்று மருந்து எழுதிக் கொடுத்தார்கள். தம்பி பயணத்தைத் தள்ளிப்போட்டு, பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றினான். அன்று நான் வெகுநேரம் கைகூப்பி நன்றி சொன்னேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆமாம் அம்மா, எனக்குத் தெரிந்திருந்தது. அலகைப் பார்த்தவுடன் தெரிந்தது.

மஞ்சள் போன பிறகு அவள் தேறினாள். பெட்டி கீழே இறங்கியது. அந்த வாரம் வாத்துக்கு அதே டப்பாவிலிருந்து மறுபடி பூச்சு கொடுத்தேன். இந்த முறை மேலே வார்னிஷ் அடிக்கவில்லை. வார்னிஷ் கெட்டியாக இருக்கும், முளைக்கிற பல்லுக்கு நோகும். அவள் ஈறு நோகக் கூடாது என்று பார்த்தேன். அதன் பிறகு இரண்டு முறை. எப்போதும் மெல்லிய பூச்சுதான். நான் அளவு தெரிந்தவள்.

அவள் கை நடுங்க ஆரம்பித்தபோது பயந்தேன். தெரிந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவளிடமிருந்து போயின. 'தண்ணி' போயிற்று, 'நிலா' போயிற்று. 'அத்தை' மட்டும் பாதியாக மிச்சம் இருந்தது. பிறகு ஒரு மதியம் வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் ஈயம் என்றார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மருந்து கொடுத்தும் பயனில்லை என்றார் டாக்டர். தம்பி சோதனைக்குக் கொடுக்க வீட்டுச் சுவர்ப் பூச்சைச் சுரண்டிப் பொட்டலம் கட்டினான். பொட்டலம் கிழியாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன். அவன் மனைவி வாத்தை எடுத்துப் பார்த்து, "அண்ணி, இது?" என்றாள். வாய்த் தட்டு வண்ணம் என்றேன். "நீங்க அடிச்சதுன்னா சரிதான்" என்று குழந்தையின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

மூன்று நாள் அப்படிப் போயிற்று. வராந்தாவில் ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து நின்றேன். நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான்காம் நாள் காலையில் நர்ஸ் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க ஏதாவது சாப்பிட்டே ஆகணும், இல்லன்னா பக்கத்துக் கட்டில்ல உங்களயும் போட வேண்டியிருக்கும்" என்று கடிந்துகொண்டாள். பட்டாணி கண் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. நடுங்கும் கையால் வாத்தைத் தூக்கினாள். இரண்டு முறை விழுந்தது. மூன்றாவது முறை என் உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "த்தே... நீ." தன்னிடம் இருந்த ஒரே பொருளை எனக்குச் சாப்பிடக் கொடுத்தாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த அவள் அம்மா அதைப் பார்த்தாள். எழுந்து வந்து வாத்தை வாங்கி என் வாயருகே நீட்டினாள். குரல் ஏறவே இல்லை. "கடிங்க அண்ணி."

நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஒரே ஒரு கடி. உங்க கையால அடிச்சதுதானே. கடிங்க."

என்னால் முடியவில்லை. பயமாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். நான்தான் செய்தேன். நான்கு பூச்சும் என் கைதான், பின்னால் வந்த மூன்றும் தெரிந்தே அடித்தது. எந்த இடத்தில் கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிவரும் முன்பு டாக்டர் வராந்தாவில் சொன்னதைக் கேட்டேன். பிழைத்துக்கொள்வாளாம். ஆனால் பேச்சு முழுசாகத் திரும்பாது, வலிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம், தூரப் பயணம் கூடாது, ஆயுள் முழுக்க யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு மாதக்கணக்கில் இருந்த அந்தப் பயம் அந்த நிமிஷத்தில் விட்டுப் போயிற்று.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். ஒன்றே ஒன்றுதான் அம்மா. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வெளியே யாரையோ தேடுகிறார்களாம். அந்நிய மனுஷர்கள் எப்படிப் பார்ப்பார்களோ, நமக்கென்ன தெரியும். தம்பியிடம் சொல்லுங்கள், யாரையும் தேட வேண்டாம். நான் இருக்கிறேன்.