இருவருக்குப் போதுமான படகு

படகு வாங்கப் போகிறவர்கள் முதலில் வெளிப்பூச்சைத்தான் பார்ப்பார்கள். நான் இயந்திர அறைக்குள் இறங்கிப் பார்த்தேன். புடவையில் கிரீஸ் ஒட்டியதுதான் மிச்சம் என்று என் கணவர் சேதுபதி சிரித்தார். ஆனாலும் அந்தப் படகைத் தேர்ந்தெடுத்தது நான்தான், இன்ஸ்பெக்டர். மற்றதையெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறீர்கள், இதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆசை அவருடையது. அதை நான் மறுக்கவில்லை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடம் அது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி, நாய், படகு எல்லாமே விலைக்கு வந்தன.

"நம்ம ரெண்டு பேரு மட்டும், கமலா. பினாங்கு, லங்காவின்னு சுத்திக்கிட்டே இருக்கலாம்," என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மலாக்காவில் காஜா பேராங் வீட்டை விட்டுவிட்டுத் தண்ணீர்மேல் போய்ச் சமைப்பதா? கம்போங் செட்டியில் இருக்கும் என் தோழி மீனாச்சி, "ரூமா ஆத்தாஸ் ஆயேர்?" என்று மலாயில் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தண்ணீருக்கு மேலே வீடா என்று கேட்கிறாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. போகத்தான் வேண்டுமென்றால் உருப்படியான படகிலாவது போவோம் என்று நினைத்தேன்.

அவர் கண் வைத்தது இரட்டை இயந்திரம் பூட்டிய வெள்ளைப் படகு. பறக்கும், பறக்கிற வேகத்துக்கு எண்ணெயையும் குடிக்கும். நான் காட்டியது மீன்பிடிப் படகைப்போலக் கட்டிய குட்டையான ஒன்று. ஒரே டீசல் இயந்திரம், ஆனால் நாள் முழுக்க அலுக்காமல் மெதுவாக ஓடும். படகின் அடிக்கட்டை, தண்ணீருக்குள் சுழலும் விசிறிக்குக் காவலாக நீண்டிருந்தது. மலாக்கா ஆற்றில் நீர் வற்றினாலும் சாயாமல் சேற்றில் உட்காரும். ஓட்டுகிறவர் நனையாமல் நிற்க ஒரு கண்ணாடி அறை. படுக்கை இரண்டே பேருக்கு, ஆகவே அவருடைய சொந்தக்காரர்கள் வந்து தங்க வழியில்லை. கொஞ்சம் முறைத்துவிட்டு, "ரெண்டு பேருக்கு இது போதும்லா," என்று ஒப்புக்கொண்டார்.

பின்தளம் தண்ணீருக்கு மிக அருகில் இருந்தது. சுற்றிக் கம்பியும் இல்லை. அதைத்தான் நீங்கள் விடாமல் கேட்கிறீர்கள். அவர் தினமும் விடியலில் பித்தளைச் சொம்பில் நீர் மொண்டு சூரியனுக்கு விட்டுக் கும்பிடுகிறவர். முழங்கால் வலி வேறு. அதிகம் குனியாமல் தண்ணீர் எட்ட வேண்டும் என்று பார்த்தேன், அவ்வளவுதான். அப்போது என் மனதில் வேறு ஒன்றும் இல்லை. நம்பினால் நம்புங்கள்.

கடலுக்குப் போன பிறகு எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சந்தோஷம் என்று அதுவரை நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை. அந்தப் படகை நான் நேசித்தேன். ஆனால் சுக்கான் சக்கரத்தைத் தொட அவர் விடவில்லை. "நீ கைய வச்சா பாறையில ஏத்திருவ. சும்மா உக்காரு," என்பார். மதியம் சாப்பிட்டதும் சக்கரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டு, ஏதாவது படகு எதிரே வந்தால் எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்குவார். நான் கயிற்றை அவிழ்ப்பேன். திருப்புவேன், நிறுத்துவேன், பின்னால் எடுப்பேன், பழைய வழிக்கே கொண்டுவந்து கட்டிவைப்பேன். எழுந்து வந்து, "பாத்தியா, நான் கட்டுன கட்டு. நேரா போயிருக்கு," என்று பெருமைப்படுவார். நானும் தலையாட்டுவேன்.

பங்கோர் தீவுப் பக்கம் இருந்தபோது ஒருநாள், படகை மலாக்காவின் சீனத் தவுக்கே முதலாளி ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். கப்பலுக்கும் பதிந்தாயிற்று. புதுக்கோட்டையில் அவருடைய அண்ணன் வீட்டோடு இருக்கப் போகிறோம்.

"நம்ம ஊருக்குப் போயிருவோம். இங்க இனிமே நமக்கு என்னா இருக்கு?" என்றார்.

நான் காஜா பேராங்கில் பிறந்தவள். புதுக்கோட்டையை நான் பார்த்ததே இல்லை. சொன்னேன், அழுதேன், சாப்பிடாமல் படுத்தேன். "ஒனக்கு என்னா தெரியும்?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து கேட்ட கேள்விதான். எனக்கு அந்தப் படகு வேண்டும், இந்தக் கடல் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு ஆண்பிள்ளை சொல்லியிருந்தால் நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.

படகை ஒப்படைக்கத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்று உங்கள் கான்ஸ்டபிளிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். புலாவ் பெசார் தீவுக்கு அப்பால், விடிந்ததும், பின்தளம் கிழக்கே பார்க்கும்படி அவரே படகைத் திருப்பினார். இயந்திரத்தை நிறுத்தவில்லை, கியரை மட்டும் எடுத்துவிட்டு, "எதையும் தொடாத," என்று சொல்லிவிட்டுச் சொம்போடு போனார். தண்ணீரிலிருந்து படகில் ஏறும் ஏணியை முந்தின நாளே நான் தூக்கிக் கட்டியிருந்தேன். அவர் நீர் மொள்ளக் குனிந்தபோது கியரைப் போட்டு, வேகக் கைப்பிடியை முழுக்க முன்னால் தள்ளினேன். படகு பாய்ந்தது. அவர் தண்ணீரில் இருந்தார்.

நன்றாக நீந்துவார். அவருக்குக் கோபமே வரவில்லை. என் கை தெரியாமல் பட்டுவிட்டது என்றுதான் நினைத்தார். "கமலா, கைப்பிடிய பின்னால இழு. சக்கரத்த இடது பக்கம் ஒடி," என்று கத்தினார். சொன்னதெல்லாம் சரிதான். வேகத்தைக் குறைத்து, சக்கரத்தை ஒடித்து, அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அவர் கைக்கு எட்டாத, ஆனால் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற வட்டம். எனக்கு ஓட்டத் தெரியும் என்று அவர் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று இருந்தது. இன்னொன்றும் போட்டேன்.

அப்போதுகூட அவருக்குப் புரியவில்லை. நிறுத்தத் தெரியாமல் தவிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். வாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, அப்போதும் எனக்குத் தைரியம் சொன்னார். "பயப்படாத கமலா, பயப்படாத," என்றார்.

நான் பயப்படவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.