தைக்காமல் விட்ட இடைவெளி

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே! இந்த இயன்முறை மருத்துவப் பிரிவு எழுவதற்குக் கரம் கொடுத்த பெரியோர்களே! வலியோடு வந்தும் வாடாத முகத்தோடு வீற்றிருக்கும் தாய்மார்களே! தோளுக்குத் தோள் நிற்கும் தோழர்களே! அனைவர்க்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவள் அல்லேன். பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். பிறகு ஏன் என்னை மேடை ஏற்றினார்கள்? என் கணவரின் வலத் தோள் மறுவாழ்வு பெற்றது இந்த மருத்துவமனையில்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

அவர் மின்துறையில் கம்பம் ஏறுகிறவர். ஒரு மழைநாளில் ஏணியில் கால் வழுக்கியது. விழாமல், ஒற்றைக் கையால் படியைப் பற்றித் தொங்கினார். உயிர் தப்பியது, தோள் தப்பவில்லை. கை தலைக்கு மேல் போனாலே உள்ளே ‘கடக்’ என்றொரு சத்தம். சட்டை மாட்டினால் வலி, தலை வாரினால் வலி, தூக்கத்தில் புரண்டால் வலி. கேட்டால் என்ன சொன்னார் தெரியுமா?

“வெறும் சுளுக்கும்மா. நீ ஒண்ணும் பெருசு பண்ணாத.”

சிரிக்காதீர்கள் ஐயா! இப்படிச் சொல்கிறவர்கள் முன்வரிசையிலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள்.

வேறோரிடத்தில் ஸ்கேன் எடுத்தோம். தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. அதன் விளிம்பைச் சுற்றி வளையம்போல் ஒரு குருத்துநார் ஓடுகிறது. கை எலும்பின் பந்துபோன்ற தலை நழுவாமல் குழிக்குள் நிற்பதற்கு அந்த வளையம் துணை. அது மேலேயும் கிழிந்திருக்கிறது, முன்புறமும் எலும்பை விட்டு விலகியிருக்கிறது, இரண்டையும் தைக்க வேண்டும் என்றார்கள். இவருக்கோ ஒரே அவசரம். “எல்லாத்தையும் தைச்சு விட்டுடுங்க. நான் கம்பம் ஏறணும். நாற்காலியில உக்கார வெச்சா பைத்தியம் பிடிச்சிடும்.”

எனக்கு மனம் ஒப்பவில்லை. கையைப் பிடித்து இங்கே இழுத்து வந்தேன், இடது கையைத்தான்!

இங்கே இருந்த அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி. அவர் முதலில் படத்தைப் பார்க்கவில்லை, மனிதரைப் பார்த்தார். எப்படித் தொங்கினார் என்று கேட்டார். கையைத் தூக்கச் சொன்னார், திருப்பச் சொன்னார், எதிர்த்து அழுத்தச் சொன்னார். மூட்டுக்குள் சாயம் ஏற்றி மறுபடியும் ஸ்கேன் எடுத்தார். பிறகு, இடத் தோளையும் எடுக்கச் சொன்னார்.

“வலி வலதுலதானே டாக்டரம்மா? இடதை எதுக்கு?”

“நல்லா இருக்கிற தோளையும் ஒரு வார்த்தை கேட்டுக்குவோமே.”

அந்தத் தோள் என்ன சொன்னது? வலியறியாத அந்த இடத் தோளிலும் முன்புறம் அதே இடைவெளி!

“சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடத்துல வளையம் எலும்போட ஒட்டியிருக்காது. அது நோய் இல்ல, அமைப்பு. அதை இழுத்துத் தைச்சா கை வெளிப்பக்கம் திரும்பாது. அப்புறம் கம்பம் என்ன, கொடியில துணி கூடப் போட முடியாது.”

“அப்ப தைக்கவே மாட்டீங்களா?”

“மேல இருக்கிறது நிஜக் கிழிசல், அதைத் தைக்கணும். முன்பக்கத்தைக் கேமரா விட்டு நேர்ல பார்த்துட்டுத்தான் முடிவு சொல்வேன். அங்கயும் கிழிஞ்சிருந்தா தைப்பேன். ஸ்கேனை மட்டும் நம்பி உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

அறுவை அரங்கின் வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. முகமூடியை இறக்கியபடி மருத்துவர் சொன்னார்: “முன்பக்கம் ஓரமெல்லாம் வழவழன்னு இருக்கும்மா. காயமே இல்ல, தொடலை. மேலதான் பிசிறு பிசிறா கிழிஞ்சிருந்துச்சு. அதை மட்டும் எலும்போட சேர்த்துத் தைச்சாச்சு.” அப்போதுதான் அழுதேன்.

கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தாரே, அந்த நாட்களை நான் விரித்துரைக்க வேண்டுமா? ரசத்தில் உப்பு, ஜன்னலில் தூசி, என் எழுத்தில் பிழை: எதைத்தான் விட்டுவைத்தார்! இந்த மருத்துவமனையில் இயன்முறைப் பயிற்சி தந்த தங்கை, “அவசரப்பட்டா தையல் விட்டுடும் அண்ணே” என்று அதட்டி, அணைத்து, அங்குலம் அங்குலமாக அந்தக் கையை உயர்த்தினாள்.

ஒரு மாலை. குளியலறை பல்பு போய்ப் பல நாளாகியிருந்தது. ஊருக்கு விளக்கெரிப்பவர் வீட்டில் இருட்டு! வேறு யாரையும் தொட விட மாட்டேன் என்று பிடிவாதம். அன்று அந்தத் தங்கை, கையைத் தலைக்கு மேல் தூக்க அனுமதி தந்துவிட்டாள். உள்ளே போனார். ‘கடக்’ சத்தமில்லை. வெளிச்சம் வந்தது. வாசலில் வந்து நின்று ஒரே சொல் சொன்னார்:

“எட்டுது.”

இன்று அவர் மீண்டும் கம்பம் ஏறுகிறார். இந்த நேரத்தில்கூட எங்கோ உச்சியில் இருப்பார். அதனால்தான் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறேன்!

அன்புள்ளங்களே! தைப்பது திறமை, தைக்க வேண்டியதைத் தைப்பது அறிவு, தைக்கக் கூடாததைத் தொடாமல் விடுவது துணிவு! மாறியிருப்பதெல்லாம் நோயா? பிரிந்திருப்பதெல்லாம் காயமா? உடலுக்கு உடல் அமைப்பு வேறு. அதை உணர்ந்து தொடும் கை வாழ்க! இந்தப் பிரிவுக்குள் தளர்ந்து நுழையும் தோள்களெல்லாம் நிமிர்ந்து திரும்புக!

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும் நன்றி கூறி, இரு கை உயர்த்தி வணங்கி அமர்கிறேன்.