ஆம்புலன்ஸில் ஒரு படுக்கை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் மேடம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முதுகு பிடித்திருக்கிறது, சத்தமாகப் பேசினால் சுரீர் என்கிறது. நடந்ததை மட்டும் சொல் என்றீர்கள். எனக்கு எதையும் கதையாகச் சொல்லித்தான் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு என்று வந்துவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு போனதற்காக அந்த ஆம்புலன்ஸ் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறீர்களாமே. அதற்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

பெண்கள்மேல் எனக்கு மனவருத்தம் எதுவும் கிடையாது. நீங்களும் பெண்தான், உங்களிடமே சொல்கிறேன் பாருங்கள். யாருடைய உடம்பில் இருந்தாலும் வலி வலிதானே என்பதுதான் என் கட்சி.

நான் மரச்சாமான் கடையில் சுமை தூக்குகிறவன். கட்டில், சோபா, பீரோ எல்லாம் என் முதுகில் ஏறித்தான் மாடி ஏறும். ஒருநாள் கல்லாவில் இருக்கும் பெண்ணுக்குக் காகிதம் கிழித்து விரலில் பொட்டு ரத்தம் வந்தது. கடையே கூடிவிட்டது. ஒருத்தர் பஞ்சு கொண்டுவந்தார், ஒருத்தர் தண்ணீர் கொடுத்தார், முதலாளி விசிறிவிட்டார். கொஞ்ச நாளில் பீரோ வழுக்கி என் கால்மேல் உட்கார்ந்தது. அப்போதும் முதலாளி ஓடிவந்தார், நான் இல்லை என்று சொல்லவில்லை. குனிந்து பீரோவைத் தடவிப் பார்த்து, "நல்லவேளை, கண்ணாடி உடையல" என்றார்.

மனைவி முழுகாமல் இருந்தாள். மாமியார் வந்து தங்கினார். வீட்டுத் தலையணைகளில் ஒன்று மகளின் முதுகுக்குப் போனது, ஒன்று காலுக்குப் போனது, ஒன்று சும்மா பக்கத்தில் கிடந்தது. சும்மா கிடந்ததை மட்டும்தான் கேட்டேன்.

"நீங்க என்ன புள்ளையா பெத்துக்கப் போறீங்க, மாப்ள? ஆம்பளைக்கு என்ன வலி" என்றார்.

பஸ்ஸில் அவளுக்கு இடம் கொடுக்க நாலு பேர் எழுந்தார்கள். மிச்சமிருந்த மூன்று இடத்தில் ஒன்றில் நான் உட்கார்ந்தேன். இறங்கும்வரை பஸ்ஸே என்னை முறைத்தது.

அன்றைக்குக் காலையில் அவளுக்கு வலி எடுத்தது. மாமியார் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். மனைவிக்குப் பிரசவ வலி என்று ஒழுங்காகத்தான் சொன்னேன். சேலை மாற்றி, தலை வாரிக்கொண்டு வருகிறேன் என்று அவள் உள்ளே போனாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். பாதிப் படியில் முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே சரிந்துவிட்டேன்.

வண்டி வந்தது. அந்தப் பெண் படியேறி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"ரொம்ப வலிக்குதாண்ணா?"

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான் மேடம். என் கண் கலங்கிவிட்டது.

என்னைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். கதவை மூடினார்கள். மாடியில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று சொல்லத்தான் நினைத்தேன். தெருமுனை வரட்டும் என்று இருந்தேன். தெருமுனையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கண்ணா, நாங்க இருக்கோம்ல" என்றாள். சரி, அடுத்த முனையில் சொல்லிக்கொள்ளலாம் என்று பட்டது. அடுத்த முனையில் சைரன் போட்டார்கள். வண்டிகளெல்லாம் ஒதுங்கின. பீரோவை முதுகில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றாலும் ஒதுங்காத அதே வண்டிகள். அந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்வது?

என் மனைவியும் வந்து சேர்ந்துவிட்டாள். கீழ்வீட்டுச் சலவைக்காரர் இஸ்திரி போட்ட துணி மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து, தன் வண்டியில் கொண்டுவந்தார். அவசரப் பிரிவில் கடைசியாகக் காலியிருந்த படுக்கையில் நான் வெந்நீர்ப் பையோடு படுத்திருந்தேன். அவள் திரையை விலக்கினாள். சுவரைப் பிடித்தபடி, மூச்சு வாங்க, "இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, கொஞ்சம் தேவலை என்றேன்.

"அப்ப எந்திரிங்க. அந்தப் படுக்கை எனக்கு வேணும்."

பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். பிறந்ததும் குழந்தை அழுதது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கதவுக்கு வெளியே நானும் அழுதேன். தள்ளிப் போய் அழச் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸ்காரர்கள்தான் ஆள் மாற்றி ஏற்றிவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னேன். மாமியார் அதை நம்பித்தான் உங்களிடம் புகார் கொடுத்தார். நம்பியதால்தான் குழந்தையை என் மடியில் போடுகிறார்கள். இனிமேல் போடுவார்களா, தெரியவில்லை. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்ட பெண் என்னால் வீட்டில் உட்காரக் கூடாது.

படியில் நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டேன். "அக்கா எங்கண்ணா?" என்றும் அவள் கேட்டாள். மேலே மனைவி முனகிக்கொண்டே தலை வாருவது எனக்குக் கேட்டது. "அவ முன்னாடியே பக்கத்து வீட்டு வண்டியில கிளம்பிட்டா. இப்ப எனக்குத்தான்" என்றேன். அவள் இதை உங்களிடம் சொன்னபோது, பொய் சொல்கிறாள் என்று நேற்று நான் சொன்னேன். பொய் சொன்னது நான்தான். அதையும் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. எங்கே போனாலும் என் மனைவியைத்தானே முதலில் விடுகிறார்கள்?

பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றாக இருப்பீர்கள். உங்கள் வீட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு நோவும் வராமல் இருக்கட்டும். அப்படியே வந்தாலும், உங்கள் வாசலுக்கு வரும் வண்டியில் இரண்டு படுக்கை இருக்கட்டும்.