திறந்திருப்பவர்: இருவர்

— எழுந்திருக்க வேண்டாம், உக்காரு. உன் மெஷினைப் பாக்கணும்.

— அக்கா! சர்வர் ரூமை விட்டு மாடி ஏறி வந்துட்டீங்க... இன்னிக்கு மழைதான்.

— வந்தா மட்டும் எனக்குத் தெரியவா போகுது? கீழ ஜன்னலா இருக்கு? நகரு.

— அந்த ஸ்வெட்டரையாவது கழட்டுங்கக்கா. கீழ இருக்கற ஏசி குளிர் இங்க இல்ல, வேர்க்குது.

— அது இருக்கட்டும். முதல்லேருந்து சொல்லு. அந்தக் கட்டடத்தோட மூணாவது மாடி வரைபடம்...

— நேத்து சாயங்காலம் அதுல மாடிப்படியை நகர்த்தி சேவ் பண்ணேன். காலைல திறந்தா படி ரெண்டு இடத்துல நிக்குது. ஒரு சுவரைக் காணோம்.

— ரெண்டாவது படி எது?

— பழசு. நகர்த்தறதுக்கு முன்னாடி இருந்தது.

— இதோட எத்தனை ஃபைல் கெட்டுச்சு?

— ஆறு. முதலாளி விரல் விட்டு எண்றார். "யார் கைவேலைன்னு தெரியட்டும், அன்னிக்கே சீட்டைக் கிழிக்கறேன்"னு காலைல ஒரே கத்தல். உங்க ரிப்போர்ட் நாலு மணிக்குள்ள வேணுமாமே?

— வேணுமாம்.

— என்ன... எழுதப் போறீங்க?

— அதான் தேடறேன். டிஸ்கைச் சந்தேகப்பட்டேன், நல்லாயிருக்கு. ஒயரை மாத்தினேன். சர்வர் மெமரியை ரெண்டு நாள் சோதிச்சேன். எதுலயும் குத்தமில்ல.

— அப்போ பேய்தான்.

— பேய் அரை மணிக்கு ஒருதரம் சேவ் பண்ணுமா?

— அரை மணிக்கா?

— டாண்ணு அரை மணிக்கு ஒருதரம். ஆறு ஃபைல்லயும் அப்படித்தான். நீ சேவ் பண்றே. கொஞ்ச நேரத்துல வேற ஒரு மெஷின், காலைல எடுத்து வச்ச காப்பியை அது மேல எழுதுது. பாதி உன்னுது, பாதி அதோடது. ரெண்டுங்கெட்டான்.

— வேற மெஷினா? யாரோடது?

— நீ சொல்லு.

— எனக்கு எப்படிக்கா...

— பக்கத்து மேஜைக்கு அடியில மெஷின் விசிறி ஓடற சத்தம் கேக்குதே.

— அது... ரப்பர் அண்ணன் மேஜை.

— அவர் வேலையை விட்டு எத்தனை மாசம் ஆச்சு?

— எட்டு.

— ஆளில்லாத மெஷின். திரையை மட்டும் அணைச்சு வச்சா ஆச்சா?

— மெதுவாக்கா... கதவு திறந்திருக்கு.

— திறந்திருந்தா என்ன? இந்த அறையில உன்னைத் தவிர யாரு?

— யாரும் இல்ல. அதான்...

— அதான்?

— ஃபைலைத் திறந்தா மூலையில வருமே, "திறந்திருப்பவர்"னு. அவர் இருந்தப்ப ரெண்டு பேரு தெரியும். போனப்புறம் என் பேரு மட்டும். ஒருநாள் அவர் மேஜையைத் துடைக்கப் போனேன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், ஒருதரம் லீவு போட்டப்ப குடுத்துட்டுப் போனார். அங்க அவர் பேர்ல அதே ஃபைலைத் திறந்துட்டு, இங்க வந்து உக்காந்தேன். அன்னிலேருந்து தினம் காலைல அப்படித்தான்.

— ரெண்டு பேரு.

— ரெண்டு பேரு... சிரிக்காதீங்க.

— சிரிக்கல.

— நீங்க நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்லக்கா. அவர் நாள் பூரா ஒரு கோடு போடறது, ஒன்பது கோடு அழிக்கறது, நடுவுல புலம்பறது. அதான் ரப்பர்னு பேரு வச்சோம். போன புதுசுல ரெண்டுதரம் போன் பண்ணார். அப்புறம் இல்ல. நானும் பண்ணல... என்னன்னு பேசறது?

— ம்.

— ஆனா எட்டு மாசமா ஒண்ணும் ஆகலியே. இப்ப மட்டும் எப்படி?

— போன மாசம் எல்லா மெஷின்லயும் புது சாஃப்ட்வேர் போட்டேன்ல? அவர் மெஷின்ல போடல. பழசும் பழசும், ஒண்ணு எழுதறப்ப மத்தது நின்னு, ஒண்ணுக்கொண்ணு வழிவிட்டுச்சு. புதுசு வந்தா வழிவிடறதுன்னா என்னன்னே இந்தப் பழசுக்குத் தெரியல.

— அப்போ நான்தான். ஆறையும் நான்தான் கெடுத்தேன். எழுதிடுங்கக்கா. நாலு மணிக்கு முன்னாடி என் பையை எடுத்து வச்சுக்கறேன்.

— பையை வை கீழ. "மூடாமல் விட்ட லாகின்"னு எழுதப் போறேன். ஆள் போன அன்னிக்கே மூடணும். மூட வேண்டியவ நான்.

— முதலாளி உங்களைக் கிழிச்சிடுவாரே!

— கிழிக்கட்டும். பதினாலு வருஷமா கீழ இறங்கி வராத மனுஷன், திட்டறதுக்காவது வருவார்.

— நீங்க எதையும் மறக்கற ஆள் இல்லியே. எட்டு மாசம் எப்படிக்கா மறந்தீங்க?

— மறக்கல. யார் லாகின் பண்ணி உள்ள வந்தாலும் என் திரையில ஒரு வரி வரும். மத்தவங்க எல்லாம் பத்து மணிக்கு மேல. ஒன்பதுக்கு அவர் வரி, ரெண்டு நிமிஷத்துல உன் வரி. அவர் மெஷினை எழுப்பறது நீதான்னு முதல் வாரமே தெரியும். டிஸ்கு, ஒயருன்னு அலசுனதெல்லாம், வேற எதுலயாவது குத்தம் இருந்துடாதான்னுதான்... மூட மனசு வரலடி. பத்து மணி வரைக்கும் எனக்கும் துணைக்கு நீங்க ரெண்டு பேருதான்.