சத்தமில்லாமல் வீடு திரும்புவது

பெட்ரோல் வண்டியிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான் ஐயா. அது வாயை மூடாது.

என்னுடையது சின்ன ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, ஃபைபர் உடம்பு, மொத்தமே அறுநூற்றைம்பது கிலோ. தெருக்கோடிப் பாலத்தில் ஏறும்போதே எங்கள் சமையலறை ஜன்னல் அதிரும். நான் லிஃப்ட் பராமரிப்பவன். இருபதாவது மாடியில் ஒரு உருளை லேசாக முனகினாலும் எனக்கு ஃபோன் வரும். சத்தம் என்றாலே எங்கோ கோளாறு என்று பழகிப்போன காது.

ஆனால் வண்டியை மின்சாரத்துக்கு மாற்ற அது காரணமில்லை. காரணம் பக்கத்து வீட்டு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொன்னார்: "உங்க வீட்டுப் பாட்டைக் கேட்டுக்கிட்டேதான் நான் பரீட்சைப் பேப்பர் திருத்துறேன். என்ன குரல் உங்க வீட்டம்மாவுக்கு."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். என் மனைவி பாடி நான் கேட்டதில்லை.

அன்று சாப்பிடும்போது கேட்டேன். "நீ பாடுவியாமே?"

"யாரு சொன்னா? சும்மா ஏதாவது முணுமுணுப்பேன்."

"எங்கே, ஒரு வரி பாடேன்."

"போங்க. தொண்டை கட்டியிருக்கு."

யோசித்துப் பார்த்தேன். பாலத்தில் வண்டிச் சத்தம் கேட்டதிலிருந்து நான் உள்ளே நுழைய நாலு நிமிஷம். அதற்குள் பாட்டு நின்றுவிடும், காபி மேஜைக்கு வந்துவிடும், அவள் முகம் தயாராகிவிடும். பதினோரு வருஷமாக எனக்குக் கிடைத்தது அந்தத் தயாரான முகம். நல்ல முகம்தான், பழி சொல்ல மாட்டேன். நான் அவள் மேல் கை நீட்டியதில்லை. அவள் என்னை எதிர்த்துப் பேசியதில்லை.

வேலை எட்டு மாதம் பிடித்தது. அவள் தம்பி லேத் பட்டறை வைத்திருக்கிறான், தங்கமான பையன். செயின் பிளாக்கில் இரண்டு பேருமாக எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தோம். விபத்தில் நசுங்கிய ஒரு மின்சாரக் காரின் மோட்டார் கிடைத்தது. அதைப் பழைய கியர்பாக்ஸோடு இணைக்கும் தட்டை மச்சினன் மூன்று முறை கடைந்தான். தலைமுடி அளவு பிசகினாலும் ஊளையிடும் என்று இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். எடை ஒரு பக்கம் சாயாமல் இருக்க பேட்டரிகளை முன்னால் பாதி, பின்னால் பாதி வைத்தோம். தண்ணீர் பம்பை ரப்பரில் உட்கார வைத்தேன். ஸ்விட்ச் போட்டால் மின்சாரப் பெட்டியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதையும் பஞ்சு வைத்து மூடினேன்.

"என்ன மாமா, திருடப் போறவன் மாதிரி இப்படிச் சத்தத்தை ஒழிக்கிறீங்க?" என்று மச்சினன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அவளும் ஒத்தாசை செய்தாள். டார்ச் பிடித்தாள், கம்பிகளுக்கு டேப் சுற்றினாள். ஒரு நாள் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஓட்டும்போது சத்தமே வராதாங்க?"

"வராது."

"துளிகூட?"

"துளிகூட."

டேப் சுற்றிய கை கொஞ்சம் நின்றது. பிறகு சுற்றினாள்.

முதல் நாள் பாலத்திலிருந்து இறங்கி, சரிவில் தானாக உருளவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஜன்னலுக்கு வெளியே பாட்டு வந்துகொண்டிருந்தது. டீச்சர் சொன்னது குறைவு. சுவரை ஒட்டி நின்று இருபது நிமிஷம் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே போனேன். நின்றுவிட்டது. "வந்துட்டீங்களா, சத்தமே கேக்கலையே" என்றாள். முகம் தயாராக இல்லை. அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம் இருந்தது.

அதற்கப்புறம் தினமும் வெளியே நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன். மூன்றாவது வாரம் வாசலில் ஒரு லோடு சரளைக்கல் கொட்டிக் கிடந்தது. தம்பியிடம் சொல்லி வரவழைத்திருக்கிறாள்.

"மழைக்குச் சேறாகுதுங்க, அதான்" என்றாள்.

அந்த மாதம் மழையே இல்லை. டயர் பட்டால் கல் நறநறவென்று கத்தும். அவள் கெட்டிக்காரி. நான் கோபப்படவில்லை. வண்டியை மேலேயே நிறுத்திவிட்டுப் புல் மேல் நடந்து வந்தேன்.

அந்த நாள் உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்தரை. அவள் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள். பாடிக்கொண்டிருந்தாள். நான் சரிவில் வந்தேன். விபத்து என்று எழுதி முடித்தீர்கள். சத்தமில்லாத வண்டி, திரும்பிப் பார்க்காத பெண். எல்லோரும் என் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார்கள்.

இன்று நான் ஸ்டேஷனுக்கு வந்ததற்கு மச்சினன் ஒரு காரணம். பட்டறையைப் பூட்டிவிட்டான். "நான் அந்தத் தட்டைக் கடைஞ்சு கொடுக்காம இருந்திருந்தா அக்கா இருந்திருப்பா மாமா" என்று சொல்லிச் சொல்லி மாய்கிறான். அது நியாயமில்லை. தட்டில் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வண்டியைத் திருப்பிக் கொடுத்தீர்கள் அல்லவா, முன்பக்கத்தை ஒட்டவைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் பாட்டுக் கேட்கிறது. முதலில் டீச்சர் வீட்டு ரேடியோ என்று நினைத்தேன். அவர் ஊரில் இல்லை. என் கால் சரளையில் பட்டதும் நின்றுவிடுகிறது. சரளையை முழுக்க வாரி வெளியே கொட்டினேன். இப்போது சாவியைத் துவாரத்தில் வைத்ததும் நிற்கிறது. செருப்பைக் கழற்றி, மூச்சை அடக்கி, பின்கதவு வழியாகவும் போய்ப் பார்த்துவிட்டேன். நான் வருவது எப்படியோ தெரிந்துவிடுகிறது. உள்ளே போனால் மேஜை மேல் ஒன்றும் இல்லை, சமையலறையில் யாரும் இல்லை. மூன்று மாதமாக ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்கவில்லை. தூக்கம் போய்விட்டது.

அதனால்தான் வண்டியிலிருந்து அச்செடுத்த இந்த இரண்டு தாள். மோட்டாரை இயக்கும் பெட்டி, கால் எந்த மிதியில் எவ்வளவு அழுந்தியது என்று நொடிக்கு நொடி எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ஆட்கள் அதைத் திறந்து பார்க்கவில்லை. பழைய வண்டி என்று விட்டுவிட்டார்கள். ஐந்து முப்பத்திரண்டுக்கு பிரேக், மெதுவாக. அதாவது நான் நிற்கத்தான் போனேன். அடுத்த இரண்டு நொடி பிரேக்கில் கால் இல்லை. அதற்கடுத்து ஆக்ஸிலரேட்டர், அடிவரைக்கும்.

அந்த இரண்டு நொடியைப் பற்றித்தான் கேட்பீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை என்று நான் உங்களிடம் சொன்னது பொய். திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பாட்டை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, நடுத்தெருவில், அந்தத் தயாரான முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பாடிக்கொண்டே இருந்திருந்தால் நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருக்க மாட்டேன். அது ஒன்றைத் தவிர அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.