பதினேழாம் பெட்டி சுவர் வழியாகப் போன விவரம்

என் பெயரும் முகவரியும் மேலே எழுதிக்கொண்டீர்கள். வயது நாற்பத்தொன்பது. பல்கலைக்கழக நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆட்டோகிளேவ் இயக்குகிறேன். அது கிருமிகளை நீராவியில் அவித்துக் கொல்லும் இயந்திரம். அதனால் அங்கே எனக்குக் குக்கர் அக்கா என்று பெயர்.

ஆய்வகத்துக்கு ஒரே வாசல். நுழைந்ததும் கோட்டு மாற்றும் அறை, அடுத்து கிருமிகளுக்குத் தீனி காய்ச்சும் அறை, அதன்பின் அவற்றை வளர்க்கும் அறை, எதிரே ஃப்ரீசர் அறை, கடைசியில் என் அறை. என் இயந்திரம் சுவருக்குள் பதிந்தது. உள்பக்கம் ஒரு கதவு, வெளிப்பக்கம் ஒரு கதவு, இரண்டும் ஒன்றாகத் திறக்காது. வாசல் கேமராவில் ஃப்ரீசரிலிருந்து காணாமல் போன கிருமிப் பெட்டியை யாரும் கொண்டுபோகவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் அது என் சுவர் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

சென்ற மாதம் நான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு மூத்த ஆய்வாளர் ஒரு சிவப்புப் பையைக் கொண்டுவந்து, பழைய கழிவு என்று சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். கழிவு வெதுவெதுப்பாகத்தான் வரும். இந்தப் பை ஜில்லென்று இருந்தது. நீராவி புக வேண்டும் என்பதால் பையின் வாயைத் தளர்த்தினேன். உள்ளே இருந்த பெட்டியில் பதினேழு என்ற எண் தெரிந்தது, வழக்கம்போல நோட்டில் எழுதிக்கொண்டேன். அதன்பின் அவர், "அக்கா, இதுல போட்டா எதுவும் பிழைக்காதுல்ல?" என்று கேட்டார். "என் கைக்கு வந்தது எதுவும் இதுவரைக்கும் பிழைச்சதில்ல தம்பி" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அதன்பின் நாற்பத்தைந்து நிமிடமும் அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.

ஐந்து நாள் கழித்து, அந்தப் பெட்டிக் கிருமிகளை வைத்து ஏற்கெனவே செய்த ஆய்வை எல்லோர் முன்னிலையிலும் மறுபடி செய்துகாட்டும்படி பேராசிரியர் சொன்னபோது, மூத்த ஆய்வாளர் பெட்டியைக் காணோம் என்றாராம். மறுபடி செய்தால் அதே முடிவு வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இது என் ஊகம். ஃப்ரீசரின் இன்னொரு சாவி இளைய மாணவியிடம் இருந்ததால் பழி அவள் தலையில் விழுந்தது. அதன்பின் கமிட்டி பதினொரு நாள் உட்கார்ந்து பேராசிரியர்களையெல்லாம் விசாரித்தது. கழிவு அறைக்காரியை யாரும் கூப்பிடவில்லை. காணாமல் போனது பதினேழாம் எண் என்பதே நேற்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடனே நோட்டையும் சீட்டையும் ஒப்படைத்தேன். அவளை நீக்கும் உத்தரவில் நாளை கையெழுத்தாகும் என்கிறார்கள். அதற்குள் இது போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்று. பழி விழுந்த அன்று அந்தப் பெண் என் அறை வாசலுக்கு வந்து, "நான் எடுக்கலக்கா" என்று அழுதாள். "எடுக்கலன்னா எதுக்கு அழுற?" என்று கேட்டுவிட்டு நான் கதவைச் சாத்தினேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இது வழக்குக்குத் தேவையில்லை என்றீர்கள். நான்தான் எழுதச் சொன்னேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்)
ஆட்டோகிளேவ் இயக்குபவர்

என் முன்னிலையில்,
விசாரணை அதிகாரி