மிச்சம் விட்ட கடைசி ஆள்

“அவன் ஒருத்தனையும் மிச்சம் விட்டிருக்கக் கூடாது.”

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தோட்டக்காரர் சொன்னது இது. போரால் மின்சாரம் நின்று போன இரண்டாம் வருடம், செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. முதல்நாள் ஜெனரேற்றர் வைத்துக் காட்டிய வீடியோப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. தன் குடும்பத்தைக் கொன்றவர்களை முகமூடி அணிந்து பழிவாங்கும் ஒருவனின் கதை. கேட்டுக்கொண்டு நின்றவர் அவருடைய மச்சான்.

“கடைசி ஆளை ஏன் விட்டவன்?” என்றார் தோட்டக்காரர் மறுபடியும்.

“அலுத்துப் போயிருக்கும், மச்சான்.”

“அதிலை என்ன அலுப்பு? நான் பதினொரு வருசமா அண்ணையோடை கதைக்கேல்லை. எனக்கு அலுக்கேல்லையே.”

“அவன்ரை பெண்சாதி பிள்ளையைக் கொலை செய்தவங்கள். உன்ரை அண்ணை வேலியை ஒரு அடி தள்ளிப் போட்டவர். ரெண்டும் ஒண்டோ? வெள்ளிக்கிழமை அந்தாளின்ரை மகளுக்குக் கலியாணம்.”

“வீட்டை வந்து சொல்லேல்லையே.”

“வந்தவர். நீதான் பின்வாசலாலை தோட்டத்துக்கு ஓடினனி.”

பங்கீட்டு அட்டைக்கு ஒரு போத்தல்தான் கொடுத்தார்கள். தோட்டக்காரர் நிரம்பிய தன் போத்தலை மச்சானிடம் நீட்டினார்.

“கலியாண வீட்டு விளக்குக்குக் குடு. நான் தந்ததெண்டு சொல்லாதை.”

“ஆர் தந்ததெண்டு உன்ரை அண்ணை கேப்பாரே?”

தோட்டக்காரர் சைக்கிளில் ஏறி, ஒரு காலை நிலத்தில் ஊன்றினார்.

“கேட்டால் சொல்லு.”